ஏற்றத்தில் மட்டும் ஏன்?

கிளியூர் அருவிக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். ஏற்காடு ஏரியிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. வண்டியை மேலே நிறுத்திவிட்டுப் படிகளில் இறங்க வேண்டும். மாரடைப்பு வந்து தேறிய ஒருவர்கூடப் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, கதை பேசியபடியே இறங்கிவிடுவார். திரும்பும்போதுதான் சங்கடம். பாதிப் படியில் நின்றுவிடுவார். "நீங்க முன்னாடி போங்க, நான் மெதுவா வர்றேன்" என்பார். நெஞ்சின் நடுவில் ஓர் அழுத்தம், இடது தோளில் ஒரு கனம். இரண்டு மூன்று நிமிடம் நின்றால் விட்டுவிடும்.

மறுநாள் சேலத்தில் ஈசிஜி எடுத்துப் பார்த்தால் புதிதாக ஒன்றும் இல்லை. எக்கோவில் 'பம்பிங்' பரவாயில்லை. "எல்லாம் நார்மலா இருக்கே" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வீட்டில் எல்லோரும் நிம்மதியடைவார்கள், அவரைத் தவிர.

ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தால் அது இறங்கும்போதும் இருக்கும், ஏறும்போதும் இருக்கும், ஈசிஜி மேசையில் படுத்திருக்கும்போதும் இருக்கும். காலையில் கரைந்துவிட்டு மாலையில் வந்து உட்காரும் பொருள் அல்ல அது. அப்படியானால் ஏற்றத்தில் மட்டும் ஏன் நெஞ்சைப் பிடிக்கிறது?

கேள்வி பழையது. 1768இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டென் இந்த நெஞ்சு நோவை மருத்துவர்கள் அவையில் விவரித்தார். நடக்கும்போது, அதிலும் மேடேறும்போது, அதிலும் சாப்பிட்ட உடனே நடந்தால் வருகிறது. நின்றால் போய்விடுகிறது என்று கவனித்துச் சொன்னவர் அவர். ஈசிஜி இல்லாத காலத்தில் நோயாளியின் வாய்மொழியை மட்டும் வைத்துச் செய்த கணிப்பு. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதில் திருத்த அதிகமில்லை.

கையிருப்பில் ஓடும் இதயம்

இதயத் தசைக்கு ஒரு விசித்திரம் உண்டு. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது கால் தசை தன்னிடம் வரும் ஆக்ஸிஜனில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறது. தேவை கூடினால் மிச்சத்திலிருந்து இன்னும் எடுத்துக்கொள்ளலாம். இதயத் தசை அப்படியில்லை. ஓய்விலேயே நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் உறிஞ்சிவிடுகிறது. கூடுதல் ஆக்ஸிஜன் வேண்டுமென்றால் அதற்கு ஒரே வழி, கூடுதல் ரத்தம். ஆரோக்கியமான இதயத்தில் இந்த ஓட்டம் ஓய்வில் இருப்பதைவிட நான்கைந்து மடங்குவரை உயரும். இப்படி உயரக்கூடிய அளவை 'ஓட்டக் கையிருப்பு' என்று சொல்லிக்கொள்வோம்.

பெரிய குழாயில் அடைப்பு வளரும்போது, அதற்குக் கீழே உள்ள மிகச் சிறிய குழாய்கள் தாங்களாகவே விரிந்து கொடுத்துச் சரிக்கட்டுகின்றன. அதனால் ஓய்வில் வரும் ரத்தத்தின் அளவு குறைவதில்லை. ஆனால் விரிந்து கொடுக்கும் திறன் அங்கேயே செலவாகிவிடுகிறது. ஏற்றம் வரும்போது இன்னும் விரிய ஒன்றும் மிச்சமில்லை.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் பாறை சரிந்து பாதிச் சாலையை மறித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் வண்டியும் இரண்டு பைக்குகளும் தாராளமாகப் போகும். பாறை இருப்பதே மேலே உள்ளவர்களுக்குத் தெரியாது. மே மாதம் கோடை விழா ஞாயிற்றுக்கிழமை அதே பாறை போதும், அடிவாரம்வரை வண்டிகள் நிற்கும்.

எவ்வளவு அடைத்தால் எப்போது தெரியும்? 1974இல் அமெரிக்காவில் லான்ஸ் கோல்டும் உடன் ஆய்வாளர்களும் நாய்களின் இதயக் குழாய்களைப் படிப்படியாக இறுக்கி அளந்தார்கள். குழாயின் விட்டத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் குறுகும்வரை ஓய்வு நிலை ஓட்டம் குறையவில்லை. ஆனால் உச்சத் தேவையின்போது கிடைக்கும் ஓட்டம் ஏறக்குறைய பாதி குறுகியதுமே சரியத் தொடங்கியது. ஆக, பாதி அடைப்புக்கும் 85 சதவீத அடைப்புக்கும் நடுவே உள்ள அத்தனை நோயும் படுத்திருக்கும் நோயாளியிடம் ஒளிந்துகொள்ளும். அதைப் பார்க்க அவரை மேடேற்றித்தான் ஆக வேண்டும்.

ஒரு மேஸ்திரியின் கதை

எடுத்துக்காட்டுக்கு ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 56. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ஒரு காபி எஸ்டேட்டில் மேஸ்திரி. சில்வர் ஓக் நிழலில், சரிவுகளில், நாளெல்லாம் ஏறி இறங்கும் வேலை. பத்து வருடமாகச் சர்க்கரை. ஒரு நாள் அதிகாலை மாரடைப்பு. இதயத்தின் அடிப்பக்கச் சுவருக்கு ரத்தம் தரும் வலது குழாய் அடைத்துக்கொண்டது. முதலில் கட்டியைக் கரைக்கும் ஊசி, பிறகு சேலத்தில் ஆஞ்சியோ, அந்தக் குழாயில் ஸ்டென்ட். வீட்டுக்கு வந்துவிட்டார்.

இப்படிப் பிழைத்து வருபவர்கள் தமிழ்நாட்டில் கூடிக்கொண்டிருக்கிறார்கள். 2008இல் வெளியான 'கிரியேட்' என்ற இந்திய ஆய்வில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்தபோது, வலி தொடங்கி மருத்துவமனை சேர ஆன நேரத்தின் நடு அளவு 360 நிமிடம், அதாவது ஆறு மணி நேரம். பிறகு 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளை நான்கு பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து, ஊசியை உடனே போட்டுவிட்டு ஆஞ்சியோவுக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் சோதித்தார்கள். 2,420 நோயாளிகள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். உயிர் பிழைத்தவர்கள் கூடக் கூட, அடுத்த கேள்வியும் கூடுகிறது: மிச்சமிருக்கும் குழாய்கள் எப்படி இருக்கின்றன?

நம் மேஸ்திரியின் ஆஞ்சியோவில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. முன்பக்கச் சுவருக்குப் போகும் பெரிய குழாயில் ஒரு குறுகல். கண் மதிப்பில் 60 சதவீதம். தொண்ணூறு என்றால் யோசிக்க வேண்டியதில்லை, முப்பது என்றாலும் யோசிக்க வேண்டியதில்லை. அறுபதுதான் மருத்துவரைத் தூங்கவிடாத எண். ஆஞ்சியோ குழாயின் வடிவத்தைக் காட்டுகிறது. அந்தக் குழாய் ஏற்றத்தில் போதுமான ரத்தம் கொடுக்கிறதா என்பதை அந்தப் படம் சொல்வதில்லை. ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பிய மேஸ்திரி, சரிவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். உடற்பயிற்சியோடு கூடிய இதயப் படம் எடுக்கலாம் என்று மருத்துவர் முடிவு செய்தார்.

பெல்ட்டின் மேல் ஒரு மலை

டிரெட்மில் டெஸ்ட், மருத்துவமனை வழக்கில் டிஎம்டி, பார்ப்பதற்குச் சாதாரணமானது. சட்டையைக் கழற்றி, மார்பு முடியை மழித்து, பத்து ஒட்டு வில்லைகளை ஒட்டி, கையில் பிபி பட்டையைக் கட்டி, ஓடும் பெல்ட்டின் மேல் நிறுத்துவார்கள். இதன் நடைமுறையை 1963இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ராபர்ட் புரூஸ் வகுத்தார். இன்றும் பெரும்பாலான இடங்களில் அதுதான். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் கூடும், சரிவும் கூடும்.

அந்தச் சரிவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் ஏறும் சரிவு. நடந்த தூரம் 135 மீட்டர், ஏறிய உயரம் 14 மீட்டர். அடுத்த மூன்று நிமிடம் மணிக்கு 4 கிலோமீட்டர், சரிவு பன்னிரண்டு. உயரம் 24 மீட்டர். மூன்றாவது கட்டம் மணிக்கு 5.5 கிலோமீட்டர், சரிவு பதினான்கு. உயரம் 38 மீட்டர். ஒன்பது நிமிடம் முடிக்கும் ஒருவர் இருந்த இடத்திலேயே 76 மீட்டர், அதாவது 250 அடி ஏறிவிட்டார். கிளியூர் அருவியின் உயரம் 300 அடி என்பார்கள். அருவியடியிலிருந்து வண்டி நிறுத்தம்வரை ஏறுவதில் பெரும்பகுதியை ஏசி அறைக்குள் முடித்தாயிற்று. ஒரே வித்தியாசம், பெல்ட்டில் நிறுத்தும் பொத்தான் இருக்கிறது, பக்கத்தில் மருத்துவர் இருக்கிறார்.

இறங்கும்போது வலிக்காததற்கும் விடை இங்கே இருக்கிறது. இறக்கத்தில் கால் தசைகள் உடம்பைத் தூக்குவதில்லை, பிரேக் போடுகின்றன. அதற்கு ஆக்ஸிஜன் மிகக் குறைவாகப் போதும். அதனால்தான் அருவிப் படிகள் ஆளை ஏமாற்றுகின்றன. சிரமம் முழுவதும் திரும்பும் வழியில் காத்திருக்கிறது.

உழைப்பை அளக்க ஒரு எளிய அலகு உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவிடும் ஆக்ஸிஜனை ஒன்று என்று வைத்துக்கொண்டு, அதைப்போல எத்தனை மடங்கு செலவாகிறது என்று சொல்வது. அறிக்கைகளில் 'மெட்' என்று இருக்கும். நாம் 'ஓய்வு மடங்கு' என்போம். புரூஸின் முதல் கட்டம் ஏறக்குறைய 5 மடங்கு, இரண்டாவது 7, மூன்றாவது 10. சமதளத்தில் மெதுவாக நடக்க 3 போதும். மலைச் சரிவில் சுமையோடு ஏற 7க்கு மேல் வேண்டியிருக்கும்.

சோதனை ஆபத்தில்லையா என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. உயிரிழப்போ மாரடைப்போ 2,500 சோதனைக்கு ஒன்று என்ற அளவுவரை நேரலாம் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. மாரடைப்பு வந்து முதல் சில நாட்களில் செய்வதானால் குறைந்த அளவோடு நிறுத்திக்கொள்வார்கள். முழு அளவில் செய்ய மூன்று முதல் ஆறு வாரம்வரை பொறுப்பதும் இதனால்தான்.

காபிக்காரருக்குக் காபி கூடாது

ஈசிஜியை மட்டும் நம்பும் டிஎம்டி, அடைப்பு உள்ள மூன்று பேரில் ஒருவரைத் தவறவிடுகிறது. ரத்தம் போதாதபோது இதயத்தில் நடப்பவற்றுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் தசையின் ஒரு பகுதிக்கு ரத்தம் குறைகிறது. பிறகு அந்தப் பகுதி தளர்வதில் தடுமாறுகிறது. பிறகு சுருங்குவதில். அதன்பிறகே ஈசிஜி கோடு மாறுகிறது. வலி கடைசியில் வருகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு வராமலேயும் போகலாம். வரிசையின் முதல் படியையே படம் பிடித்துவிட்டால் கடைசிப் படிக்குக் காத்திருக்க வேண்டாம். அந்த எண்ணத்தில்தான் 1973இல் அமெரிக்காவில் பேரி சாரெட்டும் குழுவினரும் கதிரியக்கப் பொட்டாசியத்தை உடற்பயிற்சியின்போது செலுத்திப் பார்த்தார்கள். பிறகு தாலியம் வந்தது, அதன்பிறகு டெக்னீசியம்.

மேஸ்திரிக்கு முதல் நாளே ஒரு கட்டளை: 24 மணி நேரத்துக்குக் காபி கூடாது. டீயும் கூடாது, சாக்லேட்டும் கூடாது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்டதிலிருந்து இந்த மலையே காபியில்தான் வாழ்கிறது. அங்கே பிறந்து வளர்ந்தவரிடம் இதைச் சொல்ல மனசு வராது. காரணம் இருக்கிறது. இதயக் குழாய்களை விரியச் செய்யும் அடினோசின் என்ற பொருள் போய் ஒட்டும் இடத்தில் காஃபின் முந்திப்போய் உட்கார்ந்துகொள்ளும். முழங்கால் வலியாலோ மூச்சு வாங்கியோ நோயாளி நடக்க முடியாமல் போனால், ஊசி மூலம் குழாயை விரித்துப் பார்க்கும் மாற்று வழிக்கு அடினோசின்தான் வேண்டும். அதற்கான வாசல் மூடியிருக்கக் கூடாது.

இதயத் துடிப்பின் இலக்கு பொதுவாக 220இலிருந்து வயதைக் கழித்து, வருவதில் 85 சதவீதம். மேஸ்திரிக்கு 139. அந்த இலக்கை எட்டவிடாமல் துடிப்பை அடக்கும் மாத்திரையை எப்போது நிறுத்துவது, நிறுத்த வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார்; தானாக நிறுத்துவது ஆபத்து. பெல்ட்டில் ஏறிய ஏழாவது நிமிடத்தில், துடிப்பு 126இல் இருக்கும்போது, மேஸ்திரி நெஞ்சைத் தடவினார். பெல்ட்டில் அவர் ஏறியிருந்தது 50 மீட்டர். கையிலிருந்த ஊசி வழியாகத் தடங்காட்டி மருந்து, அதாவது கதிரியக்க டெக்னீசியம், உள்ளே போனது. "இன்னும் ஒரே நிமிஷம்ணே, நிறுத்தாதீங்க" என்று டெக்னீஷியன் பெல்ட்டின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

அந்த ஒரு நிமிடத்துக்குள் விஷயம் முடிந்துவிடுகிறது. ரத்தம் எங்கெல்லாம் நன்றாகப் போகிறதோ அங்கெல்லாம் தடங்காட்டி தசை அணுக்களுக்குள் நுழைந்து தங்கிவிடும். குறைவாகப் போகும் இடத்தில் குறைவாகத் தங்கும். ஒருமுறை தங்கியது பிறகு பெரிதாக இடம் மாறாது. அதனால் அரை மணி நேரம் கழித்துச் சாவகாசமாகக் கேமராவின் கீழ் படுத்தாலும், தெரிவது மேடேறிய அந்த நிமிடத்தின் ரத்த ஓட்டம். நடுவில் பாலோ கொழுப்புள்ள சிற்றுண்டியோ தருவார்கள். கல்லீரலில் சேர்ந்த மருந்து வழிந்து போகட்டும் என்பதற்காக.

இரண்டு படங்கள்

ஓய்வில் இன்னொரு ஊசி, இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில்தான் சூட்சுமம். இதயத்தின் இடது கீழறைச் சுவரைப் பதினேழு பகுதிகளாகப் பிரித்து, வட்டமாக விரித்துக் காட்டுவார்கள். நல்ல இடம் பளிச்சென்று இருக்கும், குறைந்த இடம் மங்கும்.

மேஸ்திரியின் படத்தில் அடிப்பக்கம் மூன்று பகுதிகள் மேடேறியபோதும் மங்கல், ஓய்விலும் மங்கல். அது தழும்பு. மாரடைப்பில் இறந்த தசை. அதற்கு எவ்வளவு ரத்தம் கொடுத்தாலும் திரும்பாது. முன்பக்கம் நான்கு பகுதிகள் மேடேறியபோது மங்கின. ஓய்வில் முழுப் பொலிவோடு இருந்தன. அங்கே தசை உயிரோடு இருக்கிறது, ஏற்றத்தில் மட்டும் பட்டினி கிடக்கிறது. பதினேழில் நான்கு என்றால் கால்வாசிக்குச் சற்றுக் குறைவு. பத்து சதவீதத்தைத் தாண்டினாலே மருத்துவர்கள் கவனமாகப் பார்ப்பார்கள்.

மாரடைப்பு வந்த குழாய் இப்போது குற்றவாளி இல்லை. அறுபது சதவீதம் என்று கண் மதித்த அந்த இன்னொரு குழாய்தான் சரிவேறும்போது நெஞ்சைப் பிடித்தது.

மூன்றாவது வகையும் உண்டு. எக்கோவில் அசையாமல் இருக்கும், பார்த்தால் செத்ததுபோல் இருக்கும், ஆனால் தடங்காட்டியை நன்றாக வாங்கிக்கொள்ளும். ரத்தம் குறைந்ததால் வேலையைக் குறைத்துக்கொண்டு உயிரைப் பிடித்துவைத்திருக்கும் தசை. மும்பையில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஷாபுதீன் ரஹீம்தூலா இதை 'உறங்கும் தசை' என்ற கருத்தாக நிலைநிறுத்தினார். ரத்தம் கிடைத்தால் அது எழுந்துகொள்ளலாம்.

கதிரியக்கம் இல்லாத வழியும் இருக்கிறது. டிரெட்மில்லிலிருந்து இறங்கிய கையோடு எக்கோ பார்ப்பது. சுவரின் எந்தப் பகுதி சுருங்கத் தடுமாறுகிறது என்று அதில் தெரியும். ஆனால் இறங்கி, இடது பக்கமாகப் படுத்து, ஒரு நிமிடம் ஒன்றரை நிமிடத்துக்குள் படத்தை எடுத்தாக வேண்டும். தாமதித்தால் இதயம் சமாளித்துக்கொள்ளும். பார்ப்பவரின் கைத்திறமையை நம்பிய சோதனை. செலவு குறைவு. டெக்னீசியத்தின் வீரியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்பதால் அணு மருத்துவக் கேமரா வசதி பெரிய ஊர்களோடு நின்றுவிடுகிறது. கைதேர்ந்தவர் இருக்கும் ஊரில் எக்கோவே போதும் என்பது என் கருத்து.

படம் சொல்லாதது

தடங்காட்டிப் படம் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு ஒப்பிட்டுத்தான் மங்கல் என்கிறது. மூன்று பெரிய குழாய்களும் ஒரே அளவில் குறுகியிருந்தால் எல்லாப் பகுதியும் சமமாகக் குறையும். படம் பார்க்க அழகாக இருக்கும். பயிற்சியின்போது பிபி ஏறாமல் இறங்கினால் அனுபவமுள்ள மருத்துவர் அந்த அழகை நம்ப மாட்டார்.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. மாரடைப்பைக் கொண்டுவரும் கொழுப்புத் திட்டு பல சமயம் சிறியது. ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்கு வளராமலேயே ஒருநாள் வெடிக்கும், அதன் மேல் ரத்தம் உறையும். "போன மாசம்தான் டிஎம்டி பாஸ் பண்ணினார், இப்படி ஆயிடுச்சே" என்று துக்க வீட்டில் கேட்பதற்கு விளக்கம் இதுதான். சோதனை பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்ட கேள்வி வேறு. ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் புகையை விடுவதும் அந்தத் திட்டுகளுக்கான வைத்தியம். படம் நன்றாக வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்துபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது.

அப்படியானால் மங்கல் தெரிந்த இடத்திலெல்லாம் ஸ்டென்ட் வைக்க வேண்டுமா? 'இஸ்கீமியா' என்ற பெரிய ஆய்வு 5,179 பேரை வைத்து இதைக் கேட்டது. நோய் நிலையாக இருந்தவர்களுக்கு உடனே ஆஞ்சியோ செய்து சரிசெய்ததும், முதலில் மாத்திரையோடு பார்த்ததும் மரணத்திலோ மாரடைப்பிலோ பெரிய வித்தியாசம் காட்டவில்லை. நெஞ்சு வலி மட்டும் முதல் பிரிவினருக்கு நன்றாகக் குறைந்தது. அதில் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களைச் சேர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களைப் பற்றி 2019இல் வெளியான 'கம்ப்ளீட்' ஆய்வு, 4,041 பேரில், மாரடைப்புக்குக் காரணமாகாத மற்றக் குழாய்களின் கணிசமான அடைப்புகளையும் சரிசெய்ததால் இதயச் சாவும் மறு மாரடைப்பும் 10.5 சதவீதத்திலிருந்து 7.8ஆகக் குறைந்தன என்றது. மேஸ்திரிக்குச் சமீபத்தில் மாரடைப்பு, மாத்திரை சாப்பிட்டும் வலி, பெரிய குழாய், கால்வாசித் தசை. அவருக்கு ஸ்டென்ட் நியாயம்.

மலைக்குப் போகலாமா?

ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். காற்றில் ஆக்ஸிஜனின் அழுத்தம் சென்னையில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்கு. நுரையீரல் நன்றாக இருந்தால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 95 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். காரில் வந்து ஏரிக்கரையில் உட்கார்ந்து போவதற்கு, தேறிய நோயாளி அஞ்ச வேண்டியதில்லை. உயரத்தைவிடச் சரிவும், அதிகாலைக் குளிரும், வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே நடப்பதும்தான் இதயத்துக்குச் சுமை. ஹெபர்டென் சொன்ன அதே பட்டியல்.

மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் கவனிக்க ஒன்று: 2023இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு என்று சந்தேகம் வந்ததும் தர வேண்டிய ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கிறார்கள். நின்று ஓய்வெடுத்தும், நெஞ்சு வலிக்கென மருத்துவர் தந்த மாத்திரையை நாக்கின் அடியில் வைத்தும் ஐந்து நிமிடத்தில் குறையாத வலிக்கு 108ஐ அழையுங்கள். கீழே இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று பைக்கை எடுக்காதீர்கள்.

மாரடைப்புக்குப் பிறகு சோதனைக்குப் போகிறவர் மருத்துவரிடம் "நெஞ்சு வலி இருக்கு" என்று மட்டும் சொல்லாமல், எந்தப் படியில், எந்தச் சரிவில், எவ்வளவு சுமையோடு வருகிறது என்று சொல்லுங்கள். அறிக்கை கைக்கு வந்ததும் 'நெகட்டிவ்', 'பாசிட்டிவ்' என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். எத்தனை ஓய்வு மடங்குவரை நடந்தீர்கள், எந்த மடங்கில் வலி வந்தது என்ற எண் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். எந்த வேலைக்குத் திரும்பலாம், எவ்வளவு தூரம் ஏறலாம் என்பதை முடிவு செய்ய அந்த எண் வேண்டும்.